பழைய உலாவிகளில் தமிழ்

வலைப்பக்கம் பிறந்தபோது அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்தே பிறந்தது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறை, பக்கத்தின் எழுத்துத் தொகுதியாக லத்தீன்-1 என்ற பட்டியலை எடுத்துக்கொண்டது. அதில் 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆஸ்கியின் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. மீதி இடங்களில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளின் மேற்குறி எழுத்துகள் இருந்தன. அந்த எழுத்துகளைத் தட்ட வசதியில்லாதவர்களுக்கும், எட்டாவது பிட்டை வழியில் தொலைத்துவிடும் பழைய கணினிகளுக்கும் ஒரு மாற்று வழி இருந்தது. ஓர் உம்மைக் குறி, எழுத்தின் பெயர், ஓர் அரைப்புள்ளி என்று வெறும் ஆஸ்கியிலேயே எழுதிவிட்டால் உலாவி அதை உரிய எழுத்தாக மாற்றிக் காட்டும். பெயருக்குப் பதில் எண்ணையும் தரலாம். பிரெஞ்சுக்காரர்களின் சிக்கல் ஏறக்குறைய இந்த அளவிலேயே தீர்ந்துபோனது.

தமிழுக்கு அந்தப் பட்டியலில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் தரும் யூனிகோடு தரத்தின் 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தைப் படிக்கத் தெரிந்த உலாவி பொதுமக்கள் கைக்கு வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் தமிழ்ப் பக்கம் நடத்தியவர்கள், தமிழ் அறியாத உலாவியைத் தமிழ் காட்டவைக்கும் வேலையைத் தாங்களே செய்தார்கள். அவர்கள் கண்ட ஒவ்வொரு வழியும் அன்றைய திரையில் எழுத்தைத் தெரியவைத்தது. அதற்கான விலையைப் பெரும்பாலும் உரை கொடுத்தது.

முதல் வழி படம். தமிழில் எழுதிய பக்கத்தை கிஃப் கோப்பாக்கி வலையில் ஏற்றினால் எந்த உலாவியிலும், எந்தக் கணினியிலும் தெரியும். நொடிக்கு 28.8 கிலோபிட் வேகத்தில் இயங்கிய தொலைபேசி மோடத்தில் ஒரு பக்கப் படம் இறங்குவதற்குள் வாசகரின் பொறுமை போய்விடும் என்பது ஒரு குறை. படத்தில் உள்ள சொல்லைத் தேடவோ வெட்டி ஒட்டவோ முடியாது என்பது பெரிய குறை. இரண்டாவது வழி ரோமன் எழுத்தில் தமிழை எழுதுவது. யூஸ்நெட் விவாதக் குழுக்களில் தமிழர் பேசிக்கொண்டது இப்படித்தான். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக இந்தியவியல் நிறுவனம் தமிழ் அகராதியையும் பழைய நூல்களையும் ரோமன் வடிவில்தான் கணினிக்குள் சேர்த்தது. ஆய்வாளருக்கு அது போதும். வார இதழ் படிக்க வந்தவருக்குப் போதாது.

பெரும்பாலோர் பிடித்துக்கொண்டது மூன்றாவது வழியை. அன்றைய உலாவிக்கு எழுத்து என்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய உருவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்துத் திரையில் பதிப்பதோடு அதன் வேலை முடிந்தது. எனவே எழுத்துருவில் ஆங்கில உருவத்தை அழித்துவிட்டுத் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தால், உலாவி தான் ஆங்கிலம் காட்டுவதாகவே நம்பிக்கொண்டு தமிழைக் காட்டும். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் எழுத்துருக்கள், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி உருவாக்கிய ‘கணியன்’ எனப் பல எழுத்துருக்கள் 1990-களின் நடுவில் வலைக்கு வந்தன. இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ பரவியது. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் பக்கத்தைத் திறந்தவர் கண்டது அந்தக் குழப்பத்தைத்தான்.

வலையில் தமிழ் முன்கை எடுத்தது தமிழ்நாட்டில் அல்ல, புலம்பெயர்ந்த நாடுகளில். கணினியும் இணைய இணைப்பும் அங்கேதான் முதலில் வீட்டுக்கு வந்தன. சிங்கப்பூரில் 1995 அக்டோபரில் அந்நாட்டு அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு, தமிழ் இடம்பெற்ற மிகப் பழைய வலைத்தளங்களில் ஒன்று. கோவிந்தசாமி அதில் பங்கேற்றவர். 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கென முதல் மாநாடு சிங்கப்பூரிலேயே கூடியதற்கும் அவரே முக்கிய காரணம்.

ஆளுக்கொரு எழுத்துரு என்றால் ஆளுக்கொரு எண்வரிசை என்று பொருள். ஒரு தளத்தில் ‘க’வுக்கு இருந்த எண் அடுத்த தளத்தில் ‘ற’வுக்கு இருக்கும். ஆகவே ஒவ்வொரு தளமும் முகப்பில் ‘எழுத்துரு உதவி’ என்ற இணைப்பைத் தொங்கவிட்டது: கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள், விண்டோஸின் எழுத்துரு அடைவில் போடுங்கள், உலாவியை மூடித் திறங்கள். நெட்ஸ்கேப் உலாவியைப் பயன்படுத்துவோருக்கு இன்னும் சில படிகள் கூடுதல். அதன் பட்டியலில் ‘பயனர் வரையறுத்தது’ என்று ஒரு குறிமுறை இருந்தது. எந்த மொழி என்று தெரியாத பக்கத்துக்காக வைக்கப்பட்ட கதவு அது. அதற்குத் தமிழ் எழுத்துருவைப் பொருத்திவைத்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதே குறிமுறையை அறிவித்தால், எட்டாவது பிட்டில் இருந்த எழுத்துகளை உலாவி தன் விருப்பப்படி மாற்றாமல் அப்படியே எழுத்துருவிடம் ஒப்படைத்தது. எந்த மொழிக்கும் உரியதல்லாத அந்தக் கதவின் வழியாகத்தான் அன்றைய தமிழ்ப் பக்கங்கள் பல வாசகரை அடைந்தன.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவருக்கு இந்த உதவிப் பக்கத்தால் பயன் குறைவு. எழுத்துரு நிறுவ அந்தக் கணினியில் அனுமதி இருக்காது. இருந்தாலும் மறுநாள் அதே கணினி கிடைக்காது.

எண்வரிசையை ஒன்றாக்கும் முயற்சி 1997-இலேயே மின்னஞ்சல் விவாதமாகத் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் பேசி முடித்த முடிவு ‘டிஸ்கி’ என்ற தகுதரம். முதல் 128 இடங்களில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு, மேல் 128 இடங்களில் தமிழை அடைத்தார்கள். தமிழ் எழுத்து 247. இடமோ அதில் பாதிதான். ஆகவே கொம்பு, கால், இணைக்கொம்பு ஆகியவை தனித் துண்டுகளாயின; ‘கு’, ‘கூ’ போல ஒட்டியே வரும் உருவங்களும் புள்ளி வைத்த மெய்களும் முழு உருவங்களாக இடம்பெற்றன. உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, கடைசியில் கால். அச்சுக்கோப்பவர் எழுத்தைக் கோக்கும் முறையும் அதுவே. உலாவி எதையும் யோசிக்க வேண்டியதில்லை, வந்த வரிசையில் பதித்தால் போதும் என்பதே இதன் முழு வலிமை. நெட்ஸ்கேப்பின் பழைய பதிப்புகளிலும் மக்கின்டோஷிலும் யூனிக்ஸிலும் டிஸ்கி ஓடியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மேல் 128 இடங்கள் காலி மனை அல்ல. லத்தீன்-1 பட்டியலில் 128 முதல் 159 வரை கட்டுப்பாட்டுக் குறிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. விண்டோஸ் அங்கே தன் சொந்த மேற்கோள் குறிகளையும் கோடுகளையும் வைத்திருந்தது. 160-ஆம் இடம் வரி உடையாத வெற்றிடம். 173-ஆம் இடம் வரி முறியும்போது மட்டும் தோன்ற வேண்டிய மென் இணைகோடு. டிஸ்கியில் உயிரெழுத்துகளை வரிசையாக அடுக்கியபோது ‘இ’ சரியாக அந்த 173-இல் போய் உட்கார்ந்தது. சில மென்பொருள்கள் அதை இணைகோடாகவே நடத்தி மறைத்துவிட்டால் ‘இலக்கியம்’ ‘லக்கியம்’ ஆகும். ஆகவே பின்னர் ‘இ’க்கு 254-ஆம் இடமும் கூடுதலாகத் தரப்பட்டது. எழுத்தைச் செதுக்குவதில் தேர்ந்தவர்கள்கூட உலாவியின் இத்தகைய பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் அறிந்தார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியே தமிழ்நாடு அரசு தன் தரத்தை அறிவித்தது. தமிழ்99 விசைப்பலகை அதன் நிலைத்த பயன். கூடவே இரு குறிமுறைகளும் வந்தன: ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த ‘டேப்’, தமிழை மட்டும் கொண்ட ‘டேம்’. அச்சகங்களும் இதழ்களும் டேமை விரும்பின. மின்னஞ்சல் குழுக்களும் இலக்கியத் தளங்களும் டிஸ்கியை விடவில்லை. ஒன்றாக்க வந்த தரங்களே மூன்றாகிவிட்டன. அவற்றுக்கு வெளியே பாமினியும் இதழ்களின் சொந்த எழுத்துருக்களும் அப்படியே நின்றன.

எழுத்துருவை வாசகர் தலையில் கட்டாமல் பக்கத்தோடே அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் இதற்கிடையில் உலாவி நிறுவனங்களுக்கே வந்திருந்தது. 1997 ஜூனில் வந்த நெட்ஸ்கேப் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் முறையில் இயங்கு எழுத்துருவை ஏற்றது. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, மைக்ரோசாஃப்டின் வேறொரு வடிவத்தை ஏற்றது; அதைத் தயாரிக்க ‘வெஃப்ட்’ என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்தது. ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது. இரு வகை வாசகரையும் காக்க விரும்பிய தளம் இரு கோப்புகளையும் செய்துவைக்க வேண்டியிருந்தது. தமிழ் வார இதழ்களும் நாளிதழ்களும் இம்முறையில் வேகமாக இறங்கின. பிரவுசிங் சென்டர் வாசகருக்கும் இப்போது எழுத்து தெரிந்தது. ஒன்றையும் நிறுவ வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்டின் கோப்பு குறிப்பிட்ட தள முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். எழுத்துரு திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. பக்கத்தைச் சேமித்து வீட்டில் திறந்தாலோ, ஒரு பத்தியை வெட்டி நண்பருக்கு அஞ்சலில் அனுப்பினாலோ தமிழ் மறைந்து மேற்குறி எழுத்துகள் வரிசைகட்டும். தேடுபொறிக்கும் அதே எழுத்துகள்தான் தெரிந்தன. பல ஆண்டு இதழ்கள் வலையில் கிடந்தும் அவற்றில் ஒரு சொல்லைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நிலை வந்தது இதனால்தான். 2000-இன் இறுதியில் வந்த நெட்ஸ்கேப் 6, பிட்ஸ்ட்ரீமின் முறையைக் கைவிட்டது. அந்தப் பக்க வாசகர்கள் ஒரே மேம்படுத்தலில் தமிழை இழந்தார்கள். பழைய உலாவியில் தெரிந்தது புதியதில் தெரியாமல் போன முதல் பெரிய நிகழ்ச்சி இது.

யூனிகோடு இந்தக் கட்டுகளிலிருந்து விலகியது. அதனாலேயே பழைய உலாவிகளுக்கு அது எட்டவில்லை. தமிழுக்கு அது தந்த பகுதி தசம எண்ணில் 2944-இலிருந்து 3071 வரை. அங்கே ‘த’வின் எண் 2980, உலகில் எந்தக் கணினியிலும் அந்த எண்ணுக்கு வேறு பொருள் கிடையாது. எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் நிற்கும்: ‘கொ’ என்றால் ‘க’ முதலில், ஒகரக் குறி பிறகு. கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பதும் காலை வலப்பக்கம் போடுவதும் உருவமைக்கும் மென்பொருளின் வேலை. அந்த மென்பொருள் இல்லாத கணினியில் எழுத்துரு இருந்தாலும் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் தனியே நிற்கும். எழுத்துருவும் இல்லையென்றால் வெறும் கட்டங்கள். கட்டம் தெரிந்தால் எழுத்தின் எண் பத்திரமாக வந்துவிட்டது, உருவம் மட்டும் இல்லை என்று பொருள். கேள்விக்குறி தெரிந்தால் எண்ணே வழியில் அழிந்துவிட்டது, எந்த எழுத்துருவும் அதை மீட்காது. இந்த வேறுபாட்டை அறிந்த தள நடத்துநர் பாதிச் சிக்கலை உடனே பிரித்துவிடுவார்.

விண்டோஸ் 2000-தான் தமிழை உள்ளேயே கொண்டுவந்த முதல் விண்டோஸ். அதில் ‘லதா’ எழுத்துருவும் ‘யூனிஸ்கிரைப்’ என்ற உருவமைப்பு மென்பொருளும் இருந்தன. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் இவை உண்டு. ஆனால் தாமாக இயங்கா. மண்டல அமைப்புக்குள் போய்ச் சிக்கல் எழுத்துகளுக்கான ஆதரவை இயக்க வேண்டும், அதற்கு விண்டோஸ் குறுந்தகடு வேண்டும். வீடுகளிலும் சென்டர்களிலும் அப்போது பெருவாரியாக இருந்ததோ விண்டோஸ் 98. அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 அல்லது அதற்குப் பிந்தையது இருந்து, நல்ல யூனிகோடு எழுத்துருவும் இருந்தால் பெரும்பாலும் தமிழ் தெரிந்தது. எழுத்துருவை யார் தருவது என்பதே கேள்வி.

அதற்கு விடை தந்தவர்களில் முன்னணியில் நிற்பவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி. அவர் செய்த ‘தேனீ’ யூனிகோடு எழுத்துருவும் அதன் இயங்கு வடிவமும் இலவசம். தள நடத்துநர் பக்கத்தின் பாணிக் குறிப்பில் சில வரிகளைச் சேர்த்தால் போதும், விண்டோஸ் 98 வாசகருக்கும் யூனிகோடுத் தமிழ் தெரியும். வலைப்பதிவுகள் பெருகிய ஆண்டுகளில் அந்த வரிகள் பதிவுக்குப் பதிவு நகலெடுக்கப்பட்டன. இதழ்களின் இயங்கு எழுத்துருவுக்கும் இதற்கும் தொழில்நுட்பம் ஒன்றே. இங்கே உள்ளே இருந்த உரை யூனிகோடு என்பதுதான் வேறுபாடு. எழுத்துரு பிற்காலத்தில் தேவையற்றுப் போனபோதும் உரை தப்பியது. பழைய உலாவிக்கு உதவிய வழிகளுள் பின்னால் யாருக்கும் சுமையாகாத ஒன்று என்று இதைச் சொல்லலாம். உமர் தம்பி 2006-இல் காலமானார்.

யூனிகோடில் எழுதுவதும் சேமிப்பதும் தனிச் சிக்கல்கள். பக்கத்தை யூனிகோடின் பைட் வடிவமான யூடிஎஃப்-8 என்று அறிவிக்காவிட்டால் உலாவி அதை லத்தீனாகக் காட்டிவிடும். லத்தீன் என்று அறிவித்த பக்கத்தின் படிவத்தில் தமிழைத் தட்டினால் உலாவியே ஒவ்வொரு எழுத்தையும் உம்மைக் குறி, எண், அரைப்புள்ளி என்று மாற்றி அனுப்பும். தமிழ் தெரியாத வழங்கிகளில் தமிழ் பிழைத்ததே இதனால்தான், பெருத்ததும் இதனால்தான். ‘தமிழ்’ என்ற சொல் டிஸ்கியில் 4 பைட், யூடிஎஃப்-8-இல் 15, எண் குறிப்பாக எழுதினால் 35. தொலைபேசி இணைப்பில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்னொரு ஆபத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. அங்கே வாசகரே எழுதுகிறவர். பழைய உலாவியில் ஒருவர் தொகுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தால், அவரது உலாவி யூனிகோடு அறியாததாக இருக்கும்போது கட்டுரை முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி மென்பொருள் இதற்கு ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருந்தது. நெட்ஸ்கேப் 4, மக்கின்டோஷின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போன்றவை அதில் உண்டு. அத்தகைய உலாவி வந்தால் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் அனைத்தையும் எண் குறிப்பாக மாற்றிப் பெட்டியில் இட்டு, சேமிக்கும்போது மீண்டும் எழுத்தாக மாற்றிக்கொள்ளும். திருத்துபவருக்குப் பெட்டியில் தெரிந்தது எண்களின் காடு. ஆனால் கட்டுரை தப்பியது.

உலாவி புதிதானாலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும் என்ற உறுதி நெடுநாள் இல்லை. ஃபயர்ஃபாக்ஸின் தொடக்கப் பதிப்புகளில், பத்தியின் இரு ஓரங்களையும் சமப்படுத்திய பக்கங்களில் தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பும் காலும் பிரிந்து நின்றன. பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வைத்தியம், சமப்படுத்தலை எடுத்துவிடுவது. 2008-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 அதைத் தீர்த்தது. லினக்ஸில் ‘பாங்கோ’ உருவமைப்பு நூலகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட உலாவியில்தான் தமிழ் சரியாக அமைந்தது.

பழைய உரைகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை தனியாக நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் பழைய எழுத்துருவிலும், பிறகு டிஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் வெளியிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய நூல்களையும் விடாமல் மாற்றிக்கொண்டு வந்ததால்தான் இன்று அவற்றை எந்தக் கைப்பேசியிலும் படிக்க முடிகிறது. வாசகர் பக்கத்தில் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள் ஒட்டிய உரையை உடனே யூனிகோடாக்கித் தந்தன. ‘பத்மா’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, இதழ்களின் தனி எழுத்துருப் பக்கங்களைத் திறக்கும்போதே மாற்றிக் காட்டியது. இதழ்கள் மாறத் தயங்கிய காலத்தில் வாசகர்களே மாற்றத்தைச் செய்துகொண்டார்கள். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அனைத்து எழுத்துக்கும் தனி எண் தரும் ‘டேஸ்-16’ முறையையும் தரங்களாக அறிவித்தது. பொது வலையில் நிலைத்தது யூனிகோடுதான்.

கைப்பேசி வந்தபோது பழைய கதை சில ஆண்டுகள் சுருக்கமாகத் திரும்பியது. சாதாரணக் கைப்பேசிகளிலும் தொடக்கக் கால ஆண்ட்ராய்டிலும் தமிழ் எழுத்துரு இல்லை, கட்டங்களே தெரிந்தன. ஓப்பரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்தில், சிக்கல் எழுத்துகளைப் படவுருவில் காட்டு என்ற ஒரு தேர்வு இருந்தது. அதை இயக்கினால் ஓப்பராவின் வழங்கியே தமிழை வரைந்து படத் துண்டுகளாக அனுப்பும். முதல் வழியான படமே வேலைக்கு வந்தது. இம்முறை மூல உரை யூனிகோடாகவே இருந்ததால் இழப்பு வாசகரின் திரையோடு நின்றது.

இன்று நிலைமை தலைகீழ். பழைய உலாவிக்காகச் செய்த பக்கங்களைப் புதிய உலாவி காட்ட மறுக்கிறது. குறிமுறையைக் கையால் மாற்றும் பட்டியலைக் குரோம் 2017 வாக்கில் நீக்கிவிட்டது. மைக்ரோசாஃப்டின் இயங்கு எழுத்துருவைப் படித்த ஒரே உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. உலாவிகள் பின்பற்றும் குறிமுறைத் தரத்தில் டிஸ்கி இல்லை. ‘பயனர் வரையறுத்தது’ மட்டும் இன்னும் இருக்கிறது. ஆனால் மேல் 128 எண்களை யூனிகோடின் தனியார் பகுதிக்கு அது அனுப்பிவிடுவதால் லத்தீன் இடங்களில் வரையப்பட்ட பழைய எழுத்துரு அங்கே பொருந்துவதில்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் கிடக்கும் 1990-களின் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க விரும்புபவர் உரையை எடுத்து எந்தக் குறிமுறை என்று கண்டறிந்து மாற்றியில் இட வேண்டும். டிஸ்கி என்றால் லினக்ஸோடு வரும் ‘ஐகான்வ்’ கருவியே அதை நேராக யூடிஎஃப்-8 ஆக்கித் தரும். ஓர் இதழ் தன் தேவைக்கு வரைந்துகொண்ட எழுத்துரு என்றால், அதன் கோப்பு எங்காவது கிடைத்து, எந்த எண்ணில் எந்த உருவம் இருந்தது என்ற அட்டவணையை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்.